ருமைஸா மட்டும் வேண்டாம் மைனி

ஏம்மா, அந்தப் பையை மடியிலயே வச்சிருக்கியளே, கால் மரத்துப் போவாதா? மேல தூக்கி வைங்க. சரி, வேண்டாம்னா விடுங்க. நான் யாரு விஷயத்துலயும் தலையிடுதவ இல்ல.

எம்பேரு கேட்டியள்லா? சபூரா. மேலப்பாளையம். அரபுல சபூரான்னா பொறுமைக்காரின்னு அர்த்தம். எங்க வாப்பா பாத்துப் பாத்து வச்ச பேரு. கண்டக்டர் தம்பி! கடையநல்லூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? கேட்டியளா, ‘போவும்போது போவும்’ங்காரு! வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் பஸ்ஸை நிறுத்திச் சண்டை போட்டிருப்பா. எனக்குப் பேருக்கேத்த குணம். விட்டுட்டேன்.

பேரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கறார். எங்க தெருவுல பதினேழு பிள்ளைகளுக்கு நான்தான் பேரு வச்சது. எனக்குத் தையல்தான் தொழில். அளவு எடுக்கும்போதே தெரிஞ்சுரும், யாரு உண்டாயிருக்கான்னு. டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டுக் கேப்பேன், பேரு யோசிச்சாச்சான்னு. யோசிச்சாச்சுன்னு சொன்னா, அதைவிட நல்ல பேரு ஒண்ணு சொல்லுவேன். அவ்வளவுதான். கட்டாயப்படுத்த மாட்டேன். ஜாக்கெட் தச்சு வாங்க வரும்போது இன்னொரு தடவை சொல்லுவேன்.

பதினெட்டாவது பேருதான் என் தம்பி மவளுக்கு. இப்ப அவளைப் பாக்கத்தான் போறேன். அந்தப் பேரு பட்ட பாடு இருக்கே, உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா சொல்லுதேன். வந்தாலும் பரவாயில்ல, கண்ணை மூடிக்கிட்டே கேளுங்க.

தம்பி பேரு இத்ரீஸ். எனக்கும் அவனுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். எங்க உம்மா மவுத்தானப்போ, நாங்க இறந்துபோனதை அப்படித்தான் சொல்லுவோம், அவனுக்கு ரெண்டு வயசு. இடுப்புல அவனை வச்சுக்கிட்டே மெஷின் மிதிச்சிருக்கேன். எனக்குப் பிள்ளை கிடையாது. அது கிடக்கட்டும். கடையநல்லூர்ல பொண்ணு எடுத்தோம். மாமனாருக்கு பெயிண்ட், ஆணி, பூட்டு விக்கிற கடை. “வேலைக்கு ஆளு சரியில்ல லாத்தா, ரெண்டு மாசம் கடையைப் பாத்துக் குடுத்துட்டு வந்துருதேன்”னு போனான். லாத்தான்னா அக்கா. போயி மூணு வருஷம் ஆச்சு. கடை நல்லா ஓடுதாம். ஓடட்டும். நான் அதையெல்லாம் நினைக்கிறதே இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல போன் பண்ணவும் மாட்டேன்.

அவன் பொண்டாட்டி முபீனா. புருஷனோட அக்காங்கிறதால என்னை மைனின்னு கூப்பிடுவா. தங்கமான புள்ள, ஆனா வாயில்லாப் பூச்சி. கல்யாணத்துக்கு முந்தி மூணு வருஷம் பெண்கள் மதரஸாவுல அரபு ஓதினவ. ஓதி என்ன செய்ய? நாலு பேரு இருக்கிற இடத்துல வாயத் திறந்து, எனக்கு இது வேணும்னு சொல்லத் தெரியாது. அவளுக்கும் சேத்து அவ உம்மா பேசிருவாவ. பாத்துமுத்து மாமி. அவியளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொறணி பேசுறது பாவம். தொண்டை மட்டும் கொஞ்சம் பெருசு. அடுத்த தெரு ஆடு நின்னு திரும்பிப் பாக்கும்.

முபீனாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. எங்க ஆளுகள்ல ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்துப் பேரு வைக்கிறது. மூணாம் நாளே நான் கடையநல்லூர் போயிட்டேன். தாமதம் பண்ணினா அங்க இருக்கறவிய என்னத்தையாவது வச்சிருவாவளே! நினைச்ச மாதிரியே பாத்துமுத்து மாமி வாசல்லயே சொல்லிட்டாவ.

“வா சபூரா. பேரு முடிவாயிட்டு. அலினா.”

“அது என்ன மாமி, அலினா, கிலினான்னு? அர்த்தம் என்ன?”

“அர்த்தமா? சீரியல்ல வருதுல்லா, அந்தப் புள்ள மூக்கும் முழியுமா அம்புட்டு அழகா இருக்கும். அதுதான் அர்த்தம்.”

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. பதினேழு பிள்ளைக்கு அர்த்தம் பாத்துப் பேரு வச்சவ முன்னால வந்து சீரியலைச் சொன்னா? ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம். பிள்ளை முழிச்சு அழுத பொறவுதான் நிறுத்தினோம்.

அப்பத்தான் கட்டில்ல படுத்திருந்த முபீனா, மெல்ல என் கையப் புடிச்சா. “மைனி, நீங்க எந்தப் பேரு வேணாலும் வைங்க. எனக்கு எல்லாம் சம்மதம். ருமைஸா மட்டும் வேண்டாம்.”

நான் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்ல. “ருமைஸாவா? அது என்னட்டி பேரு?”

“அது பழைய அரபுப் பேரு மைனி. ரொம்பப் பெரிய பேரு. நமக்கெல்லாம் ஒத்துவராது. யாராவது சொன்னாலும் நீங்க ஒத்துக்கிடாதீங்க.”

எனக்கு மனசுல ஒரு பொறி தட்டுச்சு. தம்பி பொண்டாட்டி ஒண்ணை வேண்டாம்னு சொன்னா, அதுல ஏதோ விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம்? கொல்லைப்பக்கம் போயி போன்ல போட்டுப் பாத்தேன். வந்துச்சு. பெண் குழந்தைப் பெயர், அரபு, பொருள்: பூங்கொத்து. அதிர்ஷ்ட நிறம் பச்சை, அதிர்ஷ்டக் கல் மரகதம். எங்க மார்க்கத்துல அதிர்ஷ்டக் கல்லெல்லாம் கிடையாது. அதனால கல்லை விட்டுட்டேன், நிறத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். பச்சைப் பட்டுல கவுன்.

பூங்கொத்து! அந்தப் பிள்ளையைப் பாத்தா அப்படித்தான் இருந்துச்சு. நேரா உள்ள வந்தேன். “ருமைஸாதான். நான் முடிவு பண்ணிட்டேன்”னு சொன்னேன். பாத்துமுத்து மாமி கத்தினாவ. முபீனா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. வருத்தம் போல. “போவப்போவப் பிடிச்சுரும்”னு சொல்லி வச்சேன்.

இத்ரீஸ்ட்ட கேட்டோம். அவன் என்னைப் பாத்து, “லாத்தா சொன்னாச் சரிதான்”னான். மாமியாரைப் பாத்து, “மாமி சொல்றதும் சரிதான்”னான். பூட்டு விக்கிறவன் வாய்க்கும் ஒண்ணு போட்டுக்கிட்டான்.

ஏழாம் நாள் நூத்தி அம்பது ஸ்வீட் டப்பா. ஒவ்வொரு டப்பாவுலயும் ரோஜாப்பூப் படம் போட்டு ஸ்டிக்கர்: ‘ருமைஸா – பூங்கொத்து’. என் யோசனை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தாவ. பேரைச் சொன்னதும் அவிய மொகம் மலர்ந்துபோச்சு. “மாஷா அல்லாஹ்! யாரு தேர்ந்தெடுத்த பேரு?”ன்னு கேட்டாவ. கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால போயி, “நான்தான் ஹஜ்ரத்”னேன். பிள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொன்னாவ. பாத்துமுத்து மாமி மொகத்தை நீங்க பாத்திருக்கணும். நெய்ச்சோறு எனக்கு ரெண்டு தட்டு இறங்குச்சு.

ரெண்டாவது தட்டுல கடைசி வாய் இருக்கும்போது வந்து உக்காந்தா வஜீஹா. முபீனாகூட ஓதின புள்ள. இப்ப அங்கேயே ஆலிமாவா, அதாவது டீச்சரா, இருக்கா. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

“லாத்தா, பூங்கொத்துன்னு போட்டிருக்கே, யாரு சொன்னா?”

“போன்ல போட்டிருந்துச்சு.”

“இல்ல லாத்தா. காலையில எந்திரிச்சா கண்ணு ஓரத்துல வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்குமே…”

“பீளையா?”

“ஆமா. அதுக்கு அரபுல ரமஸ். அது தட்டின கண்ணுக்காரி ருமைஸா.”

பந்தியில இருந்த எல்லாரும் டப்பாவைத் திருப்பிப் பாத்தாவ. நூத்தி அம்பது டப்பா! பாத்துமுத்து மாமிதான் மொதல்ல ஆரம்பிச்சாவ. கையில இருந்த தால்சாக் கரண்டி ஆடுது. “பூங்கொத்தாம் பூங்கொத்து! பீளைக்கொத்து!” சிரிச்சுச் சிரிச்சு அவியளுக்குப் புரையேறி, ரெண்டு பேரு தலையில தட்டினாவ. நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாவே.

“முழுசாக் கேளுங்க லாத்தா, அந்தப் பேருக்குப் பின்னால பெரிய வரலாறு…”ன்னு வஜீஹா ஆரம்பிச்சா. “நீ சொன்ன வரைக்கும் போதும் தாயே”ன்னு கை கழுவ எந்திரிச்சுட்டேன். எவ்வளவு பொறுமைசாலியா இருந்தாலும் ஒரு அளவு இருக்குல்லா?

இது ஆலங்குளமா? இன்னும் வரலையா? சரி.

மேலப்பாளையம் வந்தும் எனக்குச் சோறு இறங்கல. மிச்ச டப்பாவுல இருந்த ஸ்டிக்கரை எல்லாம் நகத்தால சொரண்டினேன். பதினேழு பேருக்குப் பேரு வச்சவ தம்பி மவளுக்குப் பீளைன்னு வச்சுட்டாளாம், தெருவுல பேச்சு. அளவு கொடுக்க வந்த ஒருத்தி, “சபூரா லாத்தா, எம் மவன் பேரையும் ஒரு தடவை நல்லாப் பாத்துருங்களேன்”னு சொன்னா. அன்னைக்கே முடிவு பண்ணினேன், பேரை மாத்திரணும்னு. முறையா, அர்த்தம் ரெண்டு மூணு பேருகிட்ட கேட்டு, ஜஹ்ரான்னு எடுத்தேன். அதுலயும் பூ உண்டு. ஏமாத்தாத பூ.

பாத்துமுத்து மாமிக்குப் போன் போட்டேன். சந்தோஷப்படுவாவன்னுதானே நினைப்போம்?

“பேரை மாத்தவா? யாரைக் கேட்டு? எம் பேத்தி ருமைஸாதான்!”

“மாமி, நீங்கதானே பீளைக்கொத்துன்னு சிரிச்சிய?”

“அது விவரம் தெரியாம சிரிச்சது. ருமைஸான்னா யாரு தெரியுமா உனக்கு? மதீனாவுல இருந்தாவ. நபி காலத்துப் பொம்பளை. பணக்கார மாப்பிள்ளை ஒருத்தரு பொண்ணு கேட்டு வந்தாரு. நகை வேண்டாம், பணம் வேண்டாம், நீ இஸ்லாத்துக்கு வா, மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்கிற மஹர் எனக்கு அதுதான்னு சொன்னாவ. வயித்துல பிள்ளையோட இடுப்புல கத்தியச் சொருகிக்கிட்டுப் போர்க்களத்துக்குப் போனவிய! சொர்க்கத்துல அவியளைப் பாத்தேன்னு நபியே சொல்லியிருக்காவ. கண்ணுல என்ன இருந்தா உனக்கென்ன?”

“இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?”

“வஜீஹாதான். எங்க முபீனா கூறுகெட்டவ, ‘உம்மா, அந்தப் பேரைப் பத்தி வஜீஹாகிட்ட மட்டும் ஒண்ணும் கேட்டுராதீங்க’ன்னா. ஏன் கேக்கக் கூடாதுன்னு நேராப் போயிக் கேட்டேன்.”

பாருங்க, பேரை வச்சது நான். சிரிச்சது அவிய. இப்ப பேரு அவியளுதாம்! ‘எங்க வீட்டுல வச்ச பேரு’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. எனக்கு வைராக்கியம் வந்துட்டு. மூணு மாசம் போன்லயே சண்டை. அவிய ருமைஸாம்பாவ, நான் ஜஹ்ராம்பேன், இத்ரீஸ் பாப்பாம்பான். முபீனா என்னத்தச் சொல்லிக் கூப்பிட்டாளோ, யாரும் கேக்கல.

பொறந்த சர்ட்டிபிகேட்ல பேரு எழுதணுமே! நகராட்சி ஆபீஸ்ல பேரைப் பதிஞ்சுட்டா பொறவு யாரும் மாத்த முடியாது. அதான் நல்ல சமயம்னு, போன மாசம் நான் கிளம்பிப் போனேன். பாத்துமுத்து மாமி ஒரு குடையோட ரெடியா நிக்காவ. மழையும் இல்ல, வெயிலும் இல்ல. எதுக்குக் குடைன்னு எனக்குத் தெரியும்.

முபீனாகிட்ட தனியாச் சொன்னேன், “ஜஹ்ரான்னு எழுதிரப் போறேன்”னு.

“எழுதிருங்க மைனி”ன்னா. “எனக்குத்தான் மொதல்ல இருந்தே ருமைஸா பிடிக்கலையே. உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன்லா?”

அவ அப்படி ஒடனே தலையாட்டுனது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. இவ்வளவு சுளுவா ஒத்துக்கிட்டா ஒரு பேருக்கு என்ன மரியாதை?

ஆட்டோவுல ஏறினோம். நான், மடியில பிள்ளையோட முபீனா, குடையோட மாமி. “அந்தப் பேருல உனக்கு அப்படி என்னட்டி பிடிக்கல?”ன்னு கேட்டேன்.

“அந்தக் கதை நல்லால்ல மைனி. சோகம்.”

“போர்க்களத்துக்குப் போன கதைதானே?”

“இல்ல, அதுக்கும் முந்தி, அரபு ஜனங்க சொல்லிக்கிட்ட பழைய கதை. வானத்துல ருமைஸான்னு ஒரு நட்சத்திரம் இருக்காம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அவங்களுக்கு சுஹைல்னு ஒரே ஒரு தம்பி. அவன் தெக்கால போயிட்டான். வானத்துக்குக் குறுக்க வெள்ளையா ஒரு ஆறு ஓடுதுல்லா, பால்வீதின்னு சொல்றாங்களே, அதுக்கு அங்கிட்டு. ஒருத்தி ஆத்தைக் கடந்து தம்பி பின்னால போயிட்டா. இவளால கடக்க முடியல. இக்கரையிலயே நின்னு அந்தத் தம்பியை நினைச்சு அழுது அழுது, கண்ணுல பீளை தட்டிப் போச்சாம். அதான் அந்தப் பேரு. வேண்டாம் மைனி. அவ பாவம். அக்கரையில இருக்கிற தம்பி ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தானான்னு கதையில வரவே இல்ல.”

அந்த ரோட்டுல தூசின்னா தூசி. ரெண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தான். எனக்குத் தூசி ஆவாது. கண்ணு ரெண்டும் அரிச்சு ஒரே தண்ணி. மாமி குடையை விரிச்சு என் பக்கம் சாச்சுப் புடிச்சாவ. ஆட்டோவுக்குள்ள எதுக்குக் குடை? புடிச்சாவ. அவியளைப் பத்தி நான் சொன்னதுல ரெண்டொண்ணைக் குறைச்சுக்கிடுங்க.

ஆபீஸ்ல வாப்பாவும் உம்மாவும் கையெழுத்துப் போடணும். இத்ரீஸ் கடையில இருந்து வந்து நின்னான். சட்டையில பெயிண்ட். மெலிஞ்சிருந்தான். ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் பேனாவை எடுத்தான்.

“லாத்தா, என்ன எழுதட்டும்?”

மாமி தொண்டையைச் செருமினாவ. மூணு மாசமாச் சேத்து வச்ச பேச்சு அம்புட்டும் அங்கன நிக்குது. நான் அவனைப் பாத்தேன்.

“ருமைஸா”ன்னேன்.

“ஜஹ்ரான்னுல்லா சொன்னே லாத்தா?”

“சொன்னதை எழுதுல. ரு. மை. ஸா. வடமொழி ஸா போடு. அந்த ஆறு கிடக்கே, அதை மேலப்பாளையத்துல இருந்து கடையநல்லூர் வரைக்கும்தான் வெட்டி வச்சிருக்காவளா? மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினா ரெண்டு மணி நேரந்தான்லே!”

அவனுக்கு ஒண்ணும் புரியல. “எந்த ஆறு லாத்தா?”ன்னான். ஆனா பேனாவைக் கீழ வச்சுட்டு என் மொகத்தையே பாத்தான். “என்ன லாத்தா, கண்ணெல்லாம்…”

“தூசி.”

“வாரேன் லாத்தா. அடுத்த ஞாயித்துக்கிழமையே வாரேன்.”

வந்தான். போன ஞாயிறும் வந்தான். அதுக்கு ஈடா இந்த வாரம் நான் போறேன்.

அன்னைக்கு அவன் எழுதி முடிச்சதும், மாமிக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. சண்டைக்குன்னு கிளம்பி வந்த மனுஷி. கடைசியில கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட, “நல்ல பேரு, நாங்க ரெண்டு பேருமாச் சேந்து வச்சோம்”னாவ. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்.

இத்ரீஸ் பேப்பரை முபீனாகிட்ட நீட்டினான். “ஒனக்குச் சம்மதந்தானே?”ன்னு கேட்டான். அன்னைக்குத்தான் மொத மொதலா அவகிட்ட ஒருத்தன் கேக்கான்.

“நீங்க எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டிய. நான் என்னத்தச் சொல்ல?”ன்னு கையெழுத்தைப் போட்டா. போட்டுட்டுப் பிள்ளையை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு, முக்காட்டுத் துணியால வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பி நின்னா. தோளு ரெண்டும் குலுங்குது. கண்ணுல தண்ணி. அழுதுட்டா, பாவம். ஆசைப்பட்ட பேரை வைக்க முடியலையேன்னு எந்தத் தாய்க்கும் இருக்கத்தானே செய்யும்?

எனக்கே மனசு கேக்கல. பக்கத்துல போயி முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவத் தடவக் குலுங்கல் கூடுதே தவிர நிக்கல.

“ஏட்டி, இனிமேலாவது வாயத் திறந்து ஒனக்கு என்ன வேணும்னு கேட்டு வாங்கப் படிச்சுக்கோ”ன்னு சொன்னேன். சொல்லி என்ன? சூதுவாது தெரியாத புள்ள.